வாசனை பழகப் பழக மூக்குக்குள் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகர்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் சிங்கப்பூரில் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. டுரியான், புகைமூட்டம், கொவிட், பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்த நாள். நண்பர்களும் உறவினர்களும் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது கேட்டவற்றைத் தொகுத்து, ஆய்வுகளில் உள்ளதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நேற்று முகர்ந்தது இன்று முகர்வதை மாற்றுகிறது. அந்த மாற்றம் மூளைக்குள் எங்கோ ஆழத்தில் நடப்பதாகத்தான் பல காலம் நினைத்தார்கள். மூக்கில் இருக்கும் நரம்பு செல்லிலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது.

வாசனையை உணர்வது மூக்கா, மூளையா?

இரண்டுக்கும் நடுவே சுவர் இருப்பதாக நினைப்பதால் எழும் கேள்வி இது. மூக்கின் உச்சியில், ஏறக்குறைய கண்களின் உயரத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் பல மில்லியன் முகர்ச்சி நியூரான்கள் உள்ளன. ஒவ்வொரு நியூரானின் ஒரு முனை சளிப்படலத்தில் நனைந்தபடி, நாம் இழுக்கும் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். மறுமுனை நீண்டு, சல்லடை எலும்பின் துளைகள் வழியாக மண்டையோட்டுக்குள் போய், மூளையின் அடியில் உள்ள முகர்ச்சிக் குமிழில் முடியும்.

காற்றைத் தொடும் முனையில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2004இல் நோபெல் பரிசும் பெற்றார்கள். எலிகளிடம் சுமார் 1,000 வகை ஏற்பிகள் உண்டு. மனிதர்களிடம் வேலை செய்யும் நிலையில் இருப்பவை சுமார் 400. ஒரு நியூரான் ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் ஏந்தும். ஒரே வகை ஏற்பி உள்ள நியூரான்கள் மூக்குக்குள் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் வால்கள் முகர்ச்சிக் குமிழில் குறிப்பிட்ட சில குட்டி உருண்டைகளில் போய்க் கூடிவிடும். இந்த உருண்டைக்குக் குளோமெருலஸ் என்று பெயர்.

மல்லிகைக்கென்று தனி நியூரான் எதுவும் கிடையாது. பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் தொங்கும் சரத்திலிருந்து பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் என்று பல மூலக்கூறுகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் பல வகை ஏற்பிகளைக் கொஞ்சமாகவோ பலமாகவோ தட்டுகிறது. எந்த உருண்டைகள் எவ்வளவு சுறுசுறுப்பாயின என்ற கணக்கைத்தான் மூளை மல்லிகை என்று புரிந்துகொள்கிறது.

நியூரான் 'சமிக்ஞை அனுப்புகிறது' என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

கொஞ்சம் வேதியியல். வேண்டாம் என்றால் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் கால்சியம் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பியில் மூலக்கூறு ஒட்டியதும் அதன் அடியில் உள்ள ஜி-புரதம் விழித்துக்கொள்கிறது. அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அது செல் சவ்வில் உள்ள வாயில்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. வந்த கால்சியம் இன்னொரு வகை வாயிலைத் திறந்து குளோரைடை வெளியே விடுகிறது. மூளையின் பெரும்பாலான நியூரான்களில் குளோரைடு அமைதிப்படுத்தும் வேலையைத்தான் செய்யும். இங்கே மட்டும் தலைகீழ், அது தூண்டலைப் பெருக்குகிறது. மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் துடிப்பு கிளம்பி குமிழை நோக்கி ஓடுகிறது. அங்கே வால் நுனியிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியேறி அடுத்த நியூரானைத் தட்டுகிறது.

ஏற்பி, நொதி, வாயில், துடிப்பு, குளூட்டமேட் என்ற இந்த வரிசையில் எந்த இடத்திலும் அனுபவம் கைவைக்கலாம். கைவைக்கவும் செய்கிறது.

மசாலா அரைக்கும் கடைக்குள் நுழைந்ததும் நெடி தூக்கியடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஏன்?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மிளகாய் அரைக்கும்போது வரும் கமறலும் தும்மலும் வாசனையே அல்ல. அவை முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் சுமக்கும் முக்கிளை நரம்பின் வேலை. மல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் மணம்தான் முகர்ச்சி நியூரான்களுக்கு உரியது. இரண்டும் பழகிப்போகும் வேகமும் விதமும் வேறு.

மணம் மங்குவதற்கு இரண்டு இடங்களில் காரணம் இருக்கிறது. ஒன்று மூக்கு. உள்ளே பாய்ந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து, தான் எந்த வாயில் வழியாக வந்ததோ அதே வாயிலின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் நொதியையும் அடக்க வழி செய்கிறது. வினாடிக் கணக்கில் நடக்கும் இந்த அடக்கம், மணம் விலகியதும் வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ சரியாகிவிடும்.

இன்னொன்று மூளை. முகர்ச்சிக் குமிழிலிருந்து சமிக்ஞை போய்ச் சேரும் பிரிஃபார்ம் புறணி இன்னும் சீக்கிரமாகச் சலித்துப்போகிறது. குமிழில் உள்ள நியூரான்கள் தொடர்ந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே புறணி நியூரான்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதை விலங்குகளில் பதிவு செய்திருக்கிறார்கள். கடைக்காரர் உங்களைவிட அதிகமாக எதையும் 'தாங்கிக்கொள்வதில்லை'. அவருக்கு அந்த வாசனை பெரும்பாலான நேரம் வந்து சேர்வதே இல்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவோம். வீட்டில் எப்போதும் அந்த வாசனை இருக்கிறது என்று வருபவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் கதவைத் திறந்ததும் தெரிகிறது. இது ஐந்து நிமிடப் பழக்கம் அல்லவே?

இல்லை, இது வேறு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

நீங்கள் வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் கழித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். வினாடிக் கணக்கில் நடக்கும் அடக்கம் மட்டுமே காரணமாக இருந்தால், ஒவ்வொரு மாலையும் சாம்பிராணி புதிதாக அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. 1996இல் பமேலா டால்டன், சார்லஸ் வைசாக்கி இருவரும் இதைச் சோதித்தார்கள். சிலருடைய வீட்டு அறையில் ஒரு குறிப்பிட்ட வாசனையை இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்லி, பிறகு ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். அந்த ஒரு வாசனைக்கு மட்டும் அவர்களுடைய உணர்திறன் குறைந்திருந்தது. வாசனையை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் குறைவு உடனே போகவில்லை, இரண்டு வாரம் வரை நீடித்தது. நீங்கள் ஊருக்குப் போய்வந்தால் தெரிகிறது என்பது இதனோடு அழகாகப் பொருந்துகிறது.

சரி, இவ்வளவு நாள் நீடிக்கும் மாற்றம் எங்கே பதிவாகிறது? 2021இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சந்தீப் ராபர்ட் தத்தா குழுவினர் 'செல்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நல்ல விடை தருகிறது. முதல் ஆசிரியர் தத்சுயா சுகஹாரா. எலிகளின் முகர்ச்சி நியூரான்களை ஒவ்வொரு செல்லாகப் பிரித்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று படித்தார்கள். ஏற்பியில்தான் வித்தியாசம், மற்றபடி எல்லா முகர்ச்சி நியூரான்களும் ஒன்றே என்பதுதான் அதுவரை பாடப்புத்தகத்தின் பார்வை. அப்படி இல்லை என்று தெரியவந்தது. வாசனையைத் துடிப்பாக மாற்றும் வேலையில் பங்குள்ள 70க்கும் மேற்பட்ட மரபணுக்கள், ஏற்பி வகைக்கு ஏற்ப வெவ்வேறு அளவில் இயங்கிக்கொண்டிருந்தன. அந்த அளவைத் தீர்மானித்தவை இரண்டு: நியூரானிடம் உள்ள ஏற்பி, அந்த எலி வாழும் இடத்தின் வாசனைகள்.

அப்புறம் எலிகளை வேறு வாசனைகள் உள்ள இடத்துக்கு மாற்றினார்கள். சில மணி நேரத்திலேயே இந்த மரபணுக்களின் அளவுகள் புதிய இடத்துக்கு ஏற்ப நகரத் தொடங்கின. இன்னும் முக்கியமானது, ஒரு நியூரானின் மரபணு அளவைப் பார்த்தே, அடுத்து ஒரு வாசனை பட்டால் அது எவ்வளவு பலமாகத் துடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டிருந்த நியூரான் அடங்கிப் பதில் சொல்லும். சும்மா இருந்த நியூரான் பலமாகப் பதில் சொல்லும்.

மின்விசிறியின் ரெகுலேட்டரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். விசிறி அதேதான், வரும் மின்சாரமும் அதேதான், அதன் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்பதால் வேகம் மாறுகிறது. முகர்ச்சி நியூரானுக்குள் அந்தத் திருகைத் திருப்புவது, சில மணி நேரமாகவும் சில நாள்களாகவும் அது பட்ட வாசனை.

அப்படியென்றால் அந்த நியூரான் நினைவு வைத்திருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்லலாம், கொஞ்சம் கவனமாக. பாட்டி வீட்டு அடுப்படியைக் கண்முன் கொண்டுவரும் நினைவு அல்ல இது. அது மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளான அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் சார்ந்த வேறு கதை. இது 'இந்த இடத்தில் இது வழக்கம்' என்ற ஒற்றை வரிக் குறிப்பு. வழக்கமானதைக் கழித்துவிட்டு, புதிதாக வந்ததை மட்டும் உரக்கச் சொல்வதற்கு அந்தக் குறிப்பு போதும்.

புதியதையும் பழையதையும் பிரிப்பது புறணியின் உயர்ந்த வேலை, மூக்கு வெறும் கருவி என்று நானும் கல்லூரியில் அப்படித்தான் கற்றேன். வெளியுலகத்தைத் தொடும் முதல் செல்லே இந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சுகஹாராவின் சோதனை எலிகளில் நடந்தது. மனிதர்களிடம் நமக்கு இருப்பது டால்டன் செய்தது போன்ற நடத்தைச் சோதனைகள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

புகைமூட்டம் முதல் நாள் மூச்சை அடைக்கிறது, மூன்றாம் நாள் வாசனையே இல்லை. காற்று சுத்தமாகிவிட்டதா?

மூக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும்: ஓயாமல் வரும் வாசனைக்கு நியூரான் அடங்கிப்போகும். 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட வாரங்களில் மூக்கு அடங்கியதையும் காற்று தெளிந்ததையும் ஒன்றாக எண்ணிச் சன்னலைத் திறந்துவிடுவது எளிது. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் எண்ணைப் பாருங்கள். சமையல் எரிவாயுவும் அப்படித்தான். கசிவு தெரிவதற்காகவே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். ஆனால் கசிவுள்ள அறையிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அது மங்கிப்போகும். வெளியிலிருந்து வருபவர் 'கேஸ் வாடை அடிக்கிறதே' என்றால் அவர் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

அனுபவம் எப்போதும் மங்கத்தான் செய்யுமா? கூர்மையாக்காதா?

கூர்மையாக்கும். ஆண்ட்ரோஸ்டீனோன் என்று ஒரு மூலக்கூறு உண்டு. ஆண் பன்றியின் உமிழ்நீரில் இருப்பது, நம் வியர்வையிலும் சிறிது இருப்பது. பலருக்கு அது தெரியவே தெரியாது. 1989இல் வைசாக்கி குழுவினர், அதை உணர முடியாதவர்களைத் தினமும் சில நிமிடங்கள் ஆறு வாரம் முகரச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது தெரிய ஆரம்பித்தது. 1993இல் எலிகளில் பார்த்தபோது, இப்படிப் பழக்கிய பிறகு மூக்குச் சவ்வின் மின்சமிக்ஞையே பெரிதாகியிருந்தது. மூளை கவனிக்கக் கற்றுக்கொண்டதோடு விஷயம் முடியவில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரே செயல், முகர்வது. ஒரு நேரம் மங்குகிறது, ஒரு நேரம் கூர்மையாகிறது. எது எப்போது? ஓயாமல் பின்னணியில் கிடப்பது மங்கும். விட்டுவிட்டு, கவனத்தோடு, அல்லது ஏதோ விளைவோடு வருவது கூர்மையாகும். ஆய்வுகளைப் படித்த வரையில் நான் எடுத்துக்கொண்ட விதி இது. விதிவிலக்குகள் நிச்சயம் இருக்கும்.

டுரியான் வாடை சிறுவயதில் குமட்டியது. இப்போது கேலாங் பக்கம் போனாலே வாங்கத் தோன்றுகிறது. என் மூக்கு மாறிவிட்டதா?

பெரும்பாலும் மாறியது மூக்கைவிட உங்கள் மதிப்பீடு. வாடை எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்பதும், அது பிடிக்கிறதா என்பதும் தனித்தனி. இரண்டாவது, அமிக்டலாவும் கண்களுக்கு மேலே உள்ள முன்மூளைப் புறணியும் சேர்ந்து போடும் கணக்கு. இனிப்பு, வெண்ணெய் போன்ற சதை, கூடி உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர்கள் எல்லாம் அந்த வாடையோடு சேர்ந்துவிட்டால் தீர்ப்பு மாறும்.

டுரியானின் வாடையே ஒரு கலவை. பழவாசனை தரும் ஒரு எஸ்டரும், வறுத்த வெங்காயம்போல் அடிக்கும் ஒரு கந்தகச் சேர்மமும் கலந்தாலே ஏறக்குறைய டுரியான் மணம் வந்துவிடும் என்று 2017இல் ஜெர்மனியில் காட்டினார்கள். அதே ஆண்டு சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த தே பின் தீன் உள்ளிட்ட குழு முசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுவின் நகல்கள் டுரியானில் பெருகியிருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆக, கந்தகத்துக்குக் கூர்மையான மனித மூக்கும் கந்தகத்தை அள்ளி வீசும் பழமும் எம்ஆர்டி ரயில் பெட்டிக்குள் சந்திக்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பதில் தப்பில்லை. (அந்தப் பலகையில் மற்ற குற்றங்களுக்கெல்லாம் அபராதத் தொகை உண்டு, டுரியானுக்கு மட்டும் இல்லை.)

பயந்த அனுபவம் ஒரு வாசனையோடு சேர்ந்துவிட்டால்?

இங்கே ஆய்வுகள் கொட்டிக்கிடக்கின்றன.

2013இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கான் குழுவினர் எலிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு முகர்ச்சிக் குமிழுக்குள், மூக்கிலிருந்து வரும் வால் நுனிகளின் வெளியீட்டை மட்டும் படம்பிடித்தார்கள். பயத்தோடு சேர்ந்த வாசனைக்கு அந்த வெளியீடு முன்பைவிடப் பலமாகியிருந்தது. மூளை இன்னும் எதையும் அலசத் தொடங்காத இடத்திலேயே செய்தி உரத்த குரலில் வந்து சேர்கிறது. வால் நுனிகளில் குளூட்டமேட் வெளியேற்றத்தைக் குறைக்கும் ஏற்பிகள் உண்டு. குமிழில் உள்ள அண்டை நியூரான்கள் காபா, டோபமைன் ஆகிய வேதிப்பொருள்களால் அந்த ஏற்பிகளை இயக்குகின்றன. இந்தத் தடை தளர்வது ஒரு வழியாக இருக்கலாம்.

மனிதர்களிலும் ஒரு சோதனை உண்டு. 2008இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு மூலக்கூறுகளை முகரக் கொடுத்தார்கள். யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஒன்றோடு மட்டும் மின்னதிர்ச்சியைச் சேர்த்த பிறகு, பிரித்துச் சொல்ல முடிந்தது. பிரிஃபார்ம் புறணியில் இரண்டுக்குமான செயல்பாடும் விலகிப்போயிருந்தது.

நம் ஊர் பங்கும் இதில் இருக்கிறது. காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்ததும் மற்ற மீன்கள் மிரளும் என்று 1930களிலேயே கார்ல் ஃபான் ஃபிரிஷ் கவனித்திருந்தார். அதில் உள்ள ஒரு கூறு கான்டிராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் என்பதை 2012இல் வரிக்குதிரை மீன்களில் கண்டறிந்து வெளியிட்டது சிங்கப்பூரில் சுரேஷ் ஜேசுதாசன், அஜய் மதுரு ஆகியோரின் குழு. இது கற்றுக்கொண்ட பயம் அல்ல, பிறவியிலேயே உள்ளது. கற்றதையும் பிறவியில் உள்ளதையும் ஒப்பிட இப்படி ஒரு கருவி தேவைப்படுகிறது.

தாத்தா பட்ட பயம் பேரனின் மூக்கு வரை வரும் என்று படித்தேனே?

2014இல் பிரையன் டயஸ், கெரி ரெஸ்லர் வெளியிட்ட எலி ஆய்வைச் சொல்கிறீர்கள். அசிட்டோஃபீனோன் வாசனைக்குப் பயப்படப் பழக்கிய ஆண் எலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அந்த வாசனையை அதற்கு முன் முகர்ந்ததே இல்லாதபோதும் அதற்குக் கூடுதலாகத் திடுக்கிட்டன என்றும், அதற்குரிய குளோமெருலஸ் பெரிதாகியிருந்தது என்றும் சொன்னார்கள். புள்ளிவிவரம் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருக்கிறதே என்று அதே ஆண்டு கேள்வி எழுந்தது. மூக்கின் செய்தி விந்தணுவுக்கு எப்படிப் போகும் என்பதற்குத் தெளிவான வழியும் காட்டப்படவில்லை. பயந்த எலியிடமே அந்த நியூரான்கள் பெருகுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது தனியாகவும் காட்டப்பட்டது. பேரன் வரைக்கும் போவதைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கர்ப்பிணி சாப்பிடுவது குழந்தையின் மூக்குக்குப் போகுமா?

போகும். பூண்டு, சோம்பு போன்றவற்றின் வாசனை பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலக்கிறது. பிரான்சில் நடந்த ஒரு சோதனையில், கர்ப்பத்தின் கடைசி நாள்களில் சோம்பு வாசனை உள்ள மிட்டாய் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த வாசனைப் பக்கம் தலை திருப்பின. மற்ற குழந்தைகள் திருப்பவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் பூண்டுக்குழம்பு வைக்கும் அம்மாக்கள் மகிழ்ச்சியடையலாம்.

ரொம்ப நாள் மூக்கடைப்பு இருந்தால் நியூரான்கள் துருப்பிடித்துவிடுமா?

எலியின் ஒரு நாசித் துளையை மட்டும் அடைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கக் குமிழ் சுருங்குகிறது, அங்கே டோபமைன் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைகிறது. சமிக்ஞையே வராதபோது அதைக் குறைக்கும் தடை எதற்கு என்ற கணக்கு.

முகர்ச்சி நியூரான்கள் வாழ்நாள் முழுவதும் செத்துச் செத்துப் புதிதாகப் பிறப்பவை. சவ்வின் அடியில் உள்ள மூல செல்கள் புதியவற்றைத் தந்துகொண்டே இருக்கும். வளர்ந்த மனிதர்களிலும் இது நடப்பதற்கு 2020இல் தெளிவான சான்று வந்தது. எது சீக்கிரம் சாகும் என்பதிலும் அனுபவத்துக்குப் பங்கு உண்டு. 2012இல் ஸ்டீபன் சான்டோரோ, கேத்தரின் டுலாக் இருவரும் எலிகளில் ஒரு ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) வகையைக் கண்டார்கள். வேலையில்லாத நியூரானில் அது சேர்ந்துகொண்டே போகிறது, சேரச் சேர அந்த நியூரானின் ஆயுள் குறைகிறது. அடிக்கடி தூண்டப்படும் வகை நீண்ட நாள் வாழ்கிறது. இப்படியே மாதங்கள் போனால், நீங்கள் வாழும் இடத்துக்கு ஏற்ப மூக்கின் மக்கள்தொகைக் கணக்கே மாறிவிடும்.

சாதாரணச் சளிக்குப் பயப்பட வேண்டாம். அடைப்பு திறந்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும்.

கொவிட்டில் வாசனை போனது எப்படி? திரும்பிய பிறகு கோப்பி ஏன் கருகிய குப்பைபோல் நாறியது?

கிருமி நியூரானுக்குள் நுழைந்து கொன்றது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். நுழைவாயிலான ஏசிஇ2 புரதம் முகர்ச்சி நியூரான்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களில்தான் இருக்கிறது என்று 2020இல் தெரிந்தது. அதைச் சொன்னதும் மேலே வந்த தத்தா குழுதான். துணை செல்கள் விழுந்ததும் நியூரான்களும் தடுமாறின. தொற்றாத நியூரான்களிலும் ஏற்பி மரபணுக்கள் அடங்கிப்போனதை 2022இல் இன்னொரு குழு காட்டியது. ஏற்பி இல்லாமல் நியூரான் உயிரோடு இருந்து என்ன பயன்?

திரும்பி வளரும் காலத்தில் எல்லா வகை நியூரானும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. கலவையான ஒரு மணத்தின் ஒரு பகுதி மட்டும் தெரிந்தால் மூளைக்குக் கிடைப்பது சிதைந்த செய்தி. வறுத்த கோப்பியில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கைத் தட்டக்கூடியது. பலருக்கு இந்தக் கோளாறைத் தூண்டியதில் அதுவே முன்னணியில் இருந்தது. முதல் நல்ல அறிகுறியாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அந்த நேரத்தில் கோப்பிக்கடையைத் தாண்ட முடியாமல் தவித்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

முகர்ச்சிப் பயிற்சி என்கிறார்களே, அது வேலை செய்யுமா?

ஓரளவு. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு சோதித்த முறை இன்றும் பயன்படுகிறது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகள், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, 12 வாரம். செய்யாதவர்களைவிடச் செய்தவர்கள் கூடுதலாக மீண்டார்கள். எல்லாரும் அல்ல. கிராம்பும் எலுமிச்சைத் தோலும் எந்த வீட்டிலும் இருக்கும், ரோஜாவுக்குப் பன்னீர் போதும். ஒவ்வொன்றையும் பத்து வினாடி போல மெதுவாக முகருங்கள். மனம் வேறெங்கோ இருந்தால் பலன் குறையும் என்பது என் ஊகம்.

கோடாலித் தைலத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அதில் உள்ள மென்தாலின் குளிர்ச்சி முக்கிளை நரம்பு வழியாகப் போகிறது. முகர்ச்சி அடியோடு போனவருக்கும் அது 'தெரியும்'. தைலம் தெரிகிறது, அதனால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதையும் அதனால்தான் அப்படியே ஏற்க முடியாது.

வாசனைத் திரவியக் கடையில் நடுவே காப்பிக்கொட்டையை முகரச் சொல்கிறார்களே, மூக்கு புதுப்பிக்கப்படுமா?

சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றைவிட அது மேலாக இல்லை. வெளியே போய் நாலு மூச்சு விட்டுவிட்டு வாருங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சளி விட்ட பிறகும் சில வாரங்களாக வாசனை திரும்பவில்லை, ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ, தலையில் அடிபட்ட பின் வாசனை போனது: இவற்றில் எதுவானாலும் பலதுறை மருந்தகத்தில் காட்டி, தேவைப்பட்டால் காது-மூக்கு-தொண்டை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். வயதானவர்களுக்கு முகர்ச்சி மெல்ல மங்குவது சகஜம். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே முகர்ச்சி குறைவதும் உண்டு. ஆனால் வாசனை மங்கிய எல்லாருக்கும் அந்த நோய் என்று பொருள் இல்லை.

மகள் பள்ளி அறிவியல் திட்டத்துக்கு வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செலவும் இல்லை. ஒரு குப்பியில் நசுக்கிய கிராம்பைப் போட்டு மூடிவையுங்கள். இடது நாசித் துளையை விரலால் மூடி, வலதால் மட்டும் ஒரு நிமிடம் தொடர்ந்து முகரச் சொல்லுங்கள். மணம் எவ்வளவு பலம் என்று பத்து வினாடிக்கு ஒருமுறை 10க்கு மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் இறங்கிக்கொண்டே வரும். உடனே வலதை மூடி இடதால் முகரச் சொல்லுங்கள். பழக்கம் முழுவதும் மூக்கில் என்றால் இடது பக்கம் புத்தம் புதிதாகத் தெரிய வேண்டும், முழுவதும் மூளையில் என்றால் இடதிலும் அதே அளவு மங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அந்த இடைவெளியை வரைபடமாக்கி ஆசிரியரிடம் காட்டலாம்.

நம் இரண்டு நாசித் துளைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி லேசாக அடைத்துக்கொள்ளும். அதனால் மறுநாள் இடதிலிருந்து தொடங்கி ஒருமுறை செய்து, இரண்டு நாள் எண்களையும் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.